அறுபத்தோரு வீட்டு வெளிச்சம்

ஆக்குளம் பைபாஸ் ஓரத்தில் பதினான்கு மாடியாக நிற்கும் அம்பரம் ஹைட்ஸில் எண்பத்துநான்கு வீடுகள் உண்டு. அவற்றில் எண்பத்துமூன்று, கட்டடம் எழும்புவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. மிச்சமான ஒன்று முதல் மாடியில், மேலேயுள்ள கழிவுநீர்க் குழாய்களெல்லாம் வந்து கூடுமிடத்துக்கு நேர் கீழே இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை. அதில் சுடலைக்கண்ணுவும் அவன் மனைவி கலைச்செல்வியும் இருந்தார்கள். மொத்தக் கட்டடத்திலும் குடியிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

சுடலைக்கண்ணு நாங்குநேரிப் பக்கத்துக்காரன். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காக இருபது வருஷத்துக்கு முன் திருவனந்தபுரம் வந்தவன். அம்பரத்தின் எல்லாக் குளியலறைகளுக்கும் அவனுடைய செட்டுதான் டைல்ஸ் ஒட்டியது. வேலை முடியப்போகிற சமயத்தில் ஏழாவது மாடிப் படியில் டைல்ஸ் பெட்டியோடு சறுக்கி விழுந்து வலது முட்டி போய்விட்டது. இனிக் குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கேர்டேக்கர் வேலையும், விற்காத அந்த வீட்டில் தங்க இடமும் கொடுத்தது.

சாவி ஒப்படைக்கும் விழா நடந்தது. மந்திரி வரவில்லை, ஆனால் கேக் வெட்டினார்கள். அதன்பிறகு யாராவது சாமான் லாரியோடு வருவார்கள் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஒரு லாரியும் வரவில்லை. வீடு வாங்கியவர்கள் துபாயிலும் தோஹாவிலும் மெல்போர்னிலும் இருந்தார்கள். கோட்டயத்தில் ஒரு பல் டாக்டருக்கு மட்டும் நாலு வீடு. யாரும் குடியிருப்பதற்காக வாங்கவில்லை. அறுபத்திரண்டு லட்சத்துக்கு வாங்கியதை எண்பத்தைந்துக்கு விற்கலாம் என்று வாங்கினார்கள், விற்கவும் செய்தார்கள். அதை எண்பத்தைந்துக்கு வாங்கியவர் ஒரு கோடியே ஐந்துக்கு விற்றார். ஒன்பதாவது மாடியின் பி வீடு மூன்று கை மாறியிருந்தது. மூன்று சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அதன் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

பாலுகாய்ச்சுக்கு மட்டும் சிலர் ஆசைப்பட்டார்கள். புது வீட்டில் பால் பொங்காமல் விட்டால் தோஷம் என்று அம்மாமார்கள் ஊரிலிருந்து நச்சரித்திருப்பார்கள் போல. ஆகவே கலைச்செல்விதான் அந்தந்த வீட்டில் ஒரு ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சுவாள். சுடலைக்கண்ணு போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வீடியோவில் குடும்பமே கைகூப்பும். பதினொரு வீட்டுக்கு அவள் அப்படிப் பால் காய்ச்சியிருக்கிறாள். பொங்கிய பாலை என்ன செய்வதென்று யாரும் சொல்லாததால் இருவரும் அந்த வாரம் முழுவதும் பாயசம் குடித்தார்கள்.

விலை ஒரு கோடியே பதினைந்தைத் தொட்டபோதுதான் சிக்கல் வந்தது. கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் ஸ்ரீஜித், பத்தனம்திட்டையிலிருந்து ஒரு தம்பதியை ஏழாவது மாடி வீட்டைக் காட்டுவதற்காகக் கூட்டிவந்தான். மழை காரணமாக அவர்கள் வர அந்தி ஆகிவிட்டது. அந்த அம்மாள் காரை விட்டு இறங்கினாள். தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பதினான்கு மாடியும் கன்னங்கரேலென்று நின்றது. கீழே ஒரே ஒரு ஜன்னலில் கலைச்செல்வி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மறுபடி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீஜித் கேர்டேக்கர் வீட்டுக்கே வந்துவிட்டான். பட்டதாரி, முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. கோபமே வராத பையன்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன ஹெல்ப் வேணும். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு இருபது ஃப்ளாட்ல லைட் இடணும். ஒன்பதரைக்கு ஆஃப். வேற ஒண்ணும் இல்லா."

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு சாரே லைட்டு?"

"ஆள் வரணும்னா முதல்ல லைட் வேணும் அண்ணாச்சி. இருட்டுல ஆரும் வராது, கேட்டோ."

மாசம் மூவாயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னான். சுடலைக்கண்ணு முட்டியைத் தடவிக்கொண்டே லிஃப்ட் ஓடுமா என்று கேட்டான். ஓடும் என்றான் ஸ்ரீஜித். அவ்வளவில் பேச்சு முடிந்தது.

முதல் வாரம் சுடலைக்கண்ணு தன் போக்கில் விளக்குப் போட்டான். மேலிருந்து கீழாக வரிசையாக எரிந்தது. கலைச்செல்வி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, இது வீடு மாதிரி இல்லை, கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி இருக்கிறது என்றாள். ஆறரை மணிக்கு எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றுபோல வேலைவிட்டு வருவார்களா? ஒருத்தருக்கு பஸ் தாமதம் ஆகும், ஒருத்தர் மார்க்கெட்டுக்குப் போவார். அன்றிலிருந்து அந்த வேலை அவள் பொறுப்புக்கு வந்தது.

அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொண்டாள். ஆறு டி-யில் ஒரு நர்ஸ். நைட் டியூட்டி, ஆகவே ஏழரைக்கு விளக்கு அணையும். பதினொன்று ஏ-யில் வயதான இருவர். அடுக்களை விளக்கு மட்டும்தான் எரியும், கரண்டு காசுக்குப் பயந்தவர்கள். நாலு எஃப்-இல் புதிதாகக் கல்யாணமானவர்கள். சிலநாள் விளக்கே எரியாது. ஒன்பது ஏ-யில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். அவன் அறையில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். சாலைக்கடைத் தெருவில் பழைய பள்ளிச் சீருடைகளும் லுங்கிகளும் நைட்டிகளும் வாங்கிவந்து பால்கனிகளில் காயப்போட்டாள். காய்ந்த துணி காற்றில் ஆடுகிற விதமே வேறு என்று தோன்றியதால் தினமும் நனைத்துப் போட்டாள். வாங்க வருகிறவர்கள் லிஃப்டில் ஏறுவதற்குள் குக்கரை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஓடி, ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் பருப்பை வேகவைத்து மூன்று விசில் விடுவாள்.

"குக்கிங் ஸ்மெல் எல்லாம் உண்டல்லே. ஃபாமிலி அட்மாஸ்பியர்" என்று வெளியே ஸ்ரீஜித் சொல்வது கதவு வழியே கேட்கும்.

விலை ஒரு கோடியே இருபத்தைந்தானது.

இதிலெல்லாம் கலைச்செல்விக்கு ஒரு கணக்கும் இருந்தது. நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில், வித்துரா தாண்டிப் பொன்முடி ரோட்டில் பிச்சுமணி என்பவருக்குப் பதினாறு சென்ட் நிலம் இருந்தது. போனக்காடு எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பம். அவர் ஜீப் ஓட்டி அந்த நிலத்தை வாங்கியிருந்தார். வீடு கட்ட அதில் நாலு சென்ட் தருவதாகவும், சென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றும் வாய்ப்பேச்சாக முடித்திருந்தார்கள். கையில் நாலு லட்சம் சேர்ந்திருந்தது. விளக்குக் காசையும் சேர்த்தால் ஒரு வருஷத்தில் மிச்சம் எண்பதாயிரமும் வந்துவிடும். பிச்சுமணியும் நல்ல மனுஷர். ஒரு வருஷம் பொறுக்கச் சம்மதித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டுக்கு எதிர்ப்புறம், சர்பத் கடைக்குப் பக்கத்தில், ஒரு பெண் தினமும் சாயங்காலம் வந்து நின்று மேலே பார்த்துப் பார்த்து நோட்டில் எதையோ எழுதத் தொடங்கினாள். சுடலைக்கண்ணு அவளை முதலில் வருமானவரிக்காரி என்று நினைத்தான். அவள் பெயர் திவ்யலட்சுமி. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். ஒரு ஆய்வு மையத்தில் பொருளாதார ஆராய்ச்சியாளர். திருவனந்தபுரத்தில் வீட்டு விலை இப்படி ஏறுவது நிஜமான வளர்ச்சியா, ஊதிப் பெரிதாகி வெடிக்கப்போகிற குமிழியா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவளுடைய முறை எளிமையானது. குமிழி என்றால் வீடுகள் விற்கும், ஆனால் ஆள் இருக்காது. வளர்ச்சி என்றால் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் விளக்கு எரியும். ஆகவே நகரத்தின் இருபத்தாறு அடுக்குமாடிகளில், இருபது நாள், சாயங்காலம் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். மற்றவற்றுக்கு ஆள் வைத்துவிட்டு அம்பரத்தை அவளே எண்ண வந்தாள்.

முறையாக எண்ணத் தொடங்குவதற்கு முன், உள்ளே வந்து குடியிருப்பவர்களிடம் பேச அனுமதி கேட்டு அவள் கடிதம் கொடுத்தாள். குடியிருப்பவர்களின் பிரைவசி முக்கியம் என்று ஸ்ரீஜித் பணிவாக மறுத்துவிட்டான். வெளியில் நின்று எண்ணுவதற்குத் தடையில்லை என்று சொல்லி, செக்யூரிட்டி ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் அனுப்பிவைத்தான். அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீடு வீடாக டைமர் மாட்டச் சொன்னான். இருபது வீடு அறுபத்தொன்றாகியது.

எல்லா டைமரையும் எலெக்ட்ரீஷியன் ஒரே நேரத்துக்கு வைக்கப் பார்த்தான். கலைச்செல்வி விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பாதிப்பேர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள் என்று அன்றைக்குக் குறைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறைவுதான் திவ்யலட்சுமியின் மனத்தை மிகவும் கவர்ந்தது. கட்டுரையில் அதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கினாள்.

இரண்டு மாதத்தில் ஆய்வு வெளிவந்தது. பேப்பரின் முதல் பக்கத்திலேயே போட்டார்கள். ஐந்தாறு கட்டடங்கள் இருட்டாக இருந்தது உண்மை. ஆனால் இருப்பதிலேயே விலை கூடிய அம்பரத்தில் எழுபத்துமூன்று சதவீதம் பேர் குடியிருப்பதால், விலையேற்றத்துக்கு அடிப்படை உண்டு. இது குமிழி அல்ல, வளர்ச்சி. பால்கனிகளில் காய்ந்த பள்ளிச் சீருடைகளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. இளம் குடும்பங்கள் நகர மையத்தைவிட்டு பைபாஸை நோக்கி நகர்வதன் அறிகுறி அது என்று எழுதியிருந்தாள்.

ஸ்ரீஜித் பேப்பரையும் ஒரு பிளம் கேக்கையும் கொண்டுவந்தான். மலையாளத்தில் வாசித்துக் காட்டினான். சீருடை வரி வந்ததும் கலைச்செல்வி அதை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இருபது வருஷ டைல்ஸ் வேலையில் சுடலைக்கண்ணுவைப் பற்றி ஒரு பேப்பரும் ஒரு வரி எழுதியதில்லை. ஒரு வாரத்தில் அம்பரத்தில் விலை ஒரு கோடியே முப்பத்தைந்தானது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடங்களிலும் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிச்சுமணி போன் பண்ணினார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். சென்ட் இனிமேல் இரண்டரை லட்சம் என்றார்.

சுடலைக்கண்ணு போனை மற்றக் காதுக்கு மாற்றினான். "பேசி முடிச்சது ஒண்ணு இருபதுல்லா அண்ணாச்சி?"

"முடிச்சது அன்னத்த விலை தம்பி. இப்பம் பேப்பர் பாக்கலியா? இது குமிழி இல்லையாம், அசல் வளர்ச்சியாம். ஆக்குளத்துல ஒரு கட்டடம், முக்காவாசி ஆளு குடியிருக்காம். டவுன்ல அப்படி ஏறினா இங்க வராதா? என் மச்சினன் மூணு சொல்லச் சொன்னான். உனக்குன்னு ரெண்டரை."

"அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"பின்னே என்ன, உனக்கே தெரியுமே" என்று பிச்சுமணி ஆறுதலாகச் சொன்னார்.

போனை வைத்தான். மேலே எங்கோ ஒரு டைமர் டக்கென்றது. கலைச்செல்வி விரல்விட்டு எண்ணினாள்.

"மாசம் மூவாயிரம் வாங்கிக்கிட்டு வெளக்கேத்துனோம். அதுக்கு நாம அஞ்சு லச்சத்து இருபதாயிரம் கூடுதலா குடுக்கணும். அப்படித்தான?"

"அது வேற, இது வேற" என்றான் சுடலைக்கண்ணு.

"எப்படி வேற?"

அவன் மோட்டாரை நிறுத்த எழுந்து போனான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் துணிகளை வழக்கம்போல நனைத்துத்தான் காயப்போட்டாள். வேலை வேலைதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீஜித்தின் காரில் திவ்யலட்சுமி வந்து இறங்கினாள். இந்தத் தடவை ஆய்வுக்கு அல்ல, வீடு வாங்குவதற்கு. ஸ்ரீஜித்தே சுடலைக்கண்ணுவை ஓரமாக அழைத்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னான்: ஆராய்ச்சி பண்ணினவளே வந்திருக்கிறாள், இதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேண்டும்? வலியசாலையில் அவளுடைய குடும்ப வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்கப்போகிறார்கள். அப்பா தன் பங்கை இவளிடம் தருகிறார். மிச்சத்துக்கு வங்கிக் கடன், இருபது வருஷத் தவணை. கடன் கொடுக்க வங்கிக்காரர்கள் யோசிக்கவே இல்லை. மனுவோடு அவள் தன் ஆய்வையே இணைத்திருந்தாள்.

ஒன்பதாவது மாடி பி வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீஜித்துக்குக் கொச்சியிலிருந்து போன் வந்தது. லிஃப்ட் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கும் என்று போனான். சாவிக்கொத்தோடு நின்ற கலைச்செல்வியும் திவ்யலட்சுமியும் தனியாக இருந்தார்கள்.

திவ்யலட்சுமி அவள் பேச்சை வைத்துத் தமிழ் என்று கண்டுகொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அக்கா, நீங்கோ இங்கேயே இருக்கேளா? எனக்கு ஏழு வயசில ஒரு பையன். எங்காத்துத் தெருவுல அவனோட விளையாட ஒரு குழந்தையும் இல்லே. எல்லாம் வயசானவா. அதுக்காகத்தான் முக்கியமா இங்கே வரணும்னு."

"நல்லதும்மா" என்றாள் கலைச்செல்வி.

"பக்கத்தாத்துப் பையனை எனக்குத் தெரியும். ஒன்பது ஏ. இருபது நாளும் பார்த்தேன், ஒன்பதரை வரைக்கும் உட்கார்ந்து படிப்பான். எங்காத்துக்காரர்கிட்டகூட சொன்னேன், அந்த மாதிரி ஒரு பையன் பக்கத்துல இருந்தா நம்ம குழந்தைக்கும் படிப்பு வரும்னு. அவனுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு" என்று கலைச்செல்வி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"பேரு?"

கலைச்செல்வி அவளைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணில் அவ்வளவு ஆசை. அப்பாவின் பங்கு, இருபது வருஷத் தவணை, ஏழு வயசுப் பையன். ஏதாவது ஒரு பெயர் சொல்லிவிட்டால் போதும். ஊரில் இல்லாத பெயரா? சாவிக்கொத்தைக் கைமாற்றிக்கொண்டாள்.

"பேரு இன்னும் வைக்கலம்மா" என்றாள்.

திவ்யலட்சுமிக்குப் புரியவில்லை. பதினைந்து வயசுப் பையனுக்கா என்று கேட்டாள். கலைச்செல்வி சாவிக்கொத்திலிருந்து ஒன்றைத் தேடியெடுத்து ஒன்பது ஏ-யின் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே வெறும் தரை. தூசி. ஒரு மூலையில் பெயிண்ட் டப்பா. பால்கனிக் கொடியில் இரண்டு நீலச் சட்டைகள் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன. சுவரில் டைமர் ஒன்று டிக்டிக்கென்று ஓடியது.

திவ்யலட்சுமி அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு. நானும் எங்க வீட்டுக்காரரும். கீழ."

"அந்த ஞாயித்துக்கிழமைக் குறைவு?"

"நான்தாம்மா. ஒறம்பற வீட்டுக்குப் போயிருப்பாவன்னு."

திவ்யலட்சுமி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஸ்ரீஜித் திரும்பி வந்தபோது, வீட்டுக்காரரிடம் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சாதாரணமாகத்தான் விடைபெற்றாள். அவள் போனதும் கலைச்செல்வி நடந்ததைப் புருஷனிடம் சொன்னாள். வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த பிழைப்பை ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டாயே என்றான். அவள் அவன் முட்டிக்குத் தைலம் தடவிவிட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திவ்யலட்சுமி நேர்மையானவள். திருத்தம் வெளியிட வேண்டுமென்று அவள் மையத்தின் இயக்குநரிடம் போய் நின்றாள். இயக்குநர் அவளை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். அவளுடைய ஆய்வை மூன்று வங்கிகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. இப்போது திருத்தினால் பீதி கிளம்பும். பீதி கிளம்பினால் விலை விழும். விலை விழுந்தால் அவளுடைய முதல் ஆய்வு தப்பு என்றாகிவிடும். அது தப்புத்தானே என்று அவள் கேட்டாள். அதைப் பொறுமையாகப் பார்க்கலாம் என்றார். அவர் இரண்டு வீடு வாங்கியிருந்த விஷயம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் விடாமல் அவள் போராடியதில், கடைசியாகத் திருத்தம் ஒன்பதாம் பக்கத்தில், ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. அம்பரத்தில் எழுபத்துமூன்று சதவீதம் என்பதை ஒன்று புள்ளி இரண்டு சதவீதம் என்று திருத்தி வாசிக்கவும். அவ்வளவுதான். யார் சொல்லித் தெரிந்தது என்று அவள் எங்கும் எழுதவில்லை.

சுடலைக்கண்ணு ஸ்ரீஜித்தின் வரவை எதிர்பார்த்து மூட்டை கட்டிவைத்திருந்தான். ஸ்ரீஜித் வந்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கையில் புது விளம்பர நோட்டீஸ். அம்பரம் ஹைட்ஸ், நகரத்திலேயே அமைதியான வாழ்வு, எண்பத்துநான்கு வீடுகளுக்கு ஒரே ஒரு அண்டைவீடு, தொந்தரவில்லாத லிஃப்ட், ஆய்வு மையமே உறுதிப்படுத்தியது. விலை ஒரு கோடியே ஐம்பது.

"லைட் இனி வேண்டா அண்ணாச்சி. இருட்டுதான் இப்ப நம்ம செல்லிங் பாயிண்ட்" என்றான். மூவாயிரத்தை மட்டும் நிறுத்திவிட்டான்.

ஆனால் நோட்டீஸைவிடத் திருத்தத்தைக் கவனமாகப் படித்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். தன்னைத் தவிர மற்ற எல்லாரும் குடியிருக்கிறார்கள் என்றுதான் அதுவரை ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் யாரும் மூச்சு விடவில்லை. நல்ல முதலீடு, பொறுமையாக இருப்போம் என்று ஒருவருக்கொருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். அதே வாரம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல் தன் வீட்டை மட்டும் விற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பல் டாக்டர் நேரிலேயே வந்து சுடலைக்கண்ணுவின் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, யாராவது கேட்டால் தன் நாலு வீட்டை முதலில் காட்டச் சொன்னார். எண்பத்துமூன்று வீடும் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கோடி. வாங்க ஒருவர் இல்லை.

ஒரு டிவிக்காரன் வந்து, குமிழி வெடித்துவிட்டதா என்று ஸ்ரீஜித்திடம் மைக்கை நீட்டினான். விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லையே என்றான் ஸ்ரீஜித். அது உண்மை. விலை இறங்க வேண்டுமானால் குறைந்த விலைக்காவது ஒருவர் வாங்க வேண்டும். யாரும் வாங்காததால் விலை ஒன்றரைக் கோடியிலேயே அசையாமல் நின்றது. அடுத்த மாதம் அவன் கொச்சியில் இதைவிடப் பெரிய கம்பெனிக்கு, இதைவிடப் பெரிய சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். போகும்போது கலைச்செல்வியிடம் வந்து, சேச்சிக்கு மார்க்கெட்டிங் ஸென்ஸ் உண்டு என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனான். திவ்யலட்சுமி வலியசாலையிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள் என்று கேள்வி. கேர்டேக்கர் இல்லாவிட்டால் கட்டடம் பாழாகிவிடும் என்று பயந்து சொந்தக்காரர்கள் சுடலைக்கண்ணுவின் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள்.

எட்டு மாதம் கழித்துப் பிச்சுமணி மறுபடி கூப்பிட்டார். அவர் மகள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். ஏஜென்டுக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இரண்டரை லட்சம் என்று சொன்ன நாளிலிருந்து நிலத்தைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். பார்த்துவிட்டு, இன்னும் ஏறும், விட்டுவிடாதீர்கள் என்று அவருக்கே யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. பழைய விலைக்கே தரலாமா என்று அவர் கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. சுடலைக்கண்ணு இன்னும் குறைத்துக் கேட்கலாமென்று வாயெடுத்தான். கலைச்செல்வி போனை வாங்கி, பேசின விலையே போதும் அண்ணாச்சி, பாப்பா நல்லபடியா போய்ட்டு வரட்டும் என்றாள்.

பத்திரம் பதிந்த அன்று மத்தியானமே இருவரும் நிலத்துக்குப் போனார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாலு மூலையிலும் கல் நட்டிருந்தார்கள். கலைச்செல்வி அடுக்களை எங்கே வரும், குளியலறை எங்கே வரும் என்று நடந்து நடந்து அளந்தாள். குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ் வேண்டாம், கறை தெரியும் என்றாள். முட்டி வலியை மறந்து சுடலைக்கண்ணு குத்தவைக்கப் பார்த்து, முடியாமல் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான். அவர்களுக்குச் சொந்தமாகத் தரை என்று ஒன்று வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பொன்முடிக்குப் போகிற கார் ஒன்று ரோட்டோரமாக நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். பெங்களூர் நம்பர். பின்சீட்டில் அவர் மனைவி.

"இவிடெ சென்டினு எந்தா விலை?" என்று கேட்டார்.

சுடலைக்கண்ணு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டான். முன்கூட்டியே யோசித்து வைத்ததல்ல. கேட்டதும் தானாக வந்தது.

"மூணுக்குக் குறைஞ்சு இங்க கிட்டூலா சாரே. அடுத்த வருஷம் நாலு ஆவும்."

அவர் தலையாட்டி, யோசனையோடு நிலத்தைப் பார்த்தார். ரேட் கூடிக்கொண்டே போகிறது, இப்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். கார் கிளம்பும்போதே யாருக்கோ போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி கையில் அளவு டேப்போடு நின்று புருஷனையே பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் கல்லிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தார்கள். ஏதாவது சொல்வாள் என்று அவன் தயாராகத்தான் இருந்தான்.

"ஏங்க" என்றாள் கடைசியில். "நெசமாவே மூணு இருக்குமா?"

"இருக்கும்" என்றான் அவன்.

அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். அப்போது பொன்முடியிலிருந்து பஸ் இறங்கி வந்தது. உட்கார இடமில்லை. வித்துரா வரைக்கும் இருவரும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள்.